முழுகிப்போன கேம் கம்பெனியின் கணக்கைப் புரட்டுவது எப்படி

போன தீபாவளிக்குத் தம்பி ஊருக்கு வந்திருந்தபோது பரணை ஒழித்தோம். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் பிஎஸ்2, அதாவது பிளேஸ்டேஷன் 2, விளையாட்டு டிஸ்க்குகள் இருபது கிடந்தன. எல்லாம் அவன் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த திருட்டு டிஸ்க்குகள். பெட்டி கிடையாது, படம் கிடையாது, மார்க்கர் பேனாவில் எழுதிய பெயர் மட்டும்தான். 'ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெயின்' என்பதில் மற்றதெல்லாம் அழிந்து 'பெயின்' மட்டும் மிச்சம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, ஆரம்பத்துல டிஎச்க்யூன்னு ஒரு லோகோ வருமே, அந்தக் கம்பெனி என்ன ஆச்சு?"

அந்த லோகோவை நாங்கள் முழுதாகப் பார்த்ததே இல்லை. வந்ததும் எக்ஸ் பட்டனை அமுக்கித் தாண்டிவிடுவோம்.

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பதினாறு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். விசைத்தறி, மஞ்சள் மண்டி, ஜவுளிக்கடை, இவைதான் என் உலகம். ஒருவர் தொழில் என்ன ஆனது என்று கேட்டால் பேரேட்டைத் திறப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டிஎச்க்யூவின் கணக்கைப் புரட்டினேன். கேம் பற்றி எழுதுகிறவர்கள் 'ஒரு விளையாட்டுச் சாதனம் கம்பெனியைக் கொன்றது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் கதை அவ்வளவு சின்னதாக இல்லை. நீங்களும் இதே மாதிரி எந்தக் கம்பெனியையும் புரட்டலாம். காசு செலவில்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கணக்கு எங்கே கிடைக்கும்

அமெரிக்கப் பங்குச்சந்தையில் இருந்த கம்பெனி என்றால் வேலை சுலபம். அங்கே எஸ்இசி என்ற கண்காணிப்பு அமைப்பு 'எட்கர்' என்று ஒரு பொதுக் கிடங்கை வைத்திருக்கிறது. கம்பெனி செத்தாலும் அது கொடுத்த காகிதங்கள் அங்கே அப்படியே இருக்கும். ஆண்டறிக்கைக்கு '10-கே' என்று பெயர், காலாண்டு அறிக்கைக்கு '10-க்யூ'. கம்பெனி பெயரைத் தட்டினால் வருடவாரியாக வரும், இலவசம். கோர்ட் காகிதங்களுக்கு 'பேசர்' என்று தனி ஏற்பாடு. அது பக்கத்துக்கு 10 சென்ட் வாங்கும். திவால் வழக்கில் முக்கியமானவை பத்திரிகைகளில் வந்துவிடும் என்பதால் எனக்கு அது தேவைப்படவில்லை.

10-கே ஒவ்வொன்றும் நூறு பக்கத்துக்கு மேல் போகும். முழுவதும் படிக்காதீர்கள், தூக்கம்தான் வரும். தொழில் விவரம், அபாயங்கள், வருவாய் அட்டவணை, பேலன்ஸ் ஷீட், அதன் அடிக்குறிப்புகள், இவ்வளவு போதும். 'அபாயங்கள்' பகுதியை மட்டும் இரண்டு மூன்று வருட அறிக்கைகளில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வக்கீல்கள் எழுதிய பொத்தாம்பொதுவான வரிகள் வருடாவருடம் மாறாமல் நிற்கும். நடுவில் ஒரு வரி புதிதாக முளைத்திருந்தால் அங்கேதான் காயம் இருக்கிறது.

எனக்கு ஒரு வசதி: டிஎச்க்யூவின் கணக்கு வருடமும் நம்மூர் மாதிரியே மார்ச் 31-ல் முடிகிறது. விற்பனை, லாப நஷ்ட எண்களில் 2007 என்று எழுதினால் 2007 மார்ச்சில் முடிந்த வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் விற்பனை எந்தக் காலாண்டில் விழுகிறது என்று கணக்குப் போடுவதில்தான் புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் பட்டா யார் பேரில் என்று பாருங்கள்

வங்கிக் கடனுக்கு ஒருவர் வந்தால் முதல் கேள்வி, நிலம் சொந்தமா குத்தகையா என்பதுதான். கேம் கம்பெனிக்கும் அதுவே. விடை பெட்டியின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். எங்களிடம் பெட்டி இல்லாததால் இணையத்தில் படம் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

'ஹியர் கம்ஸ் தி பெயின்' 2003-ல் வந்தது. பெட்டியில் இருக்கும் முகங்களும் பெயர்களும் மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-க்குச் சொந்தம். விளையாட்டை எழுதியது ஜப்பானின் யூக்ஸ் கம்பெனி. ஓடுகிற மேடை சோனியுடையது; ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சோனிக்கு ஒரு தொகை போகும். அப்படியானால் டிஎச்க்யூ என்ன செய்தது? உரிமத்தை வாங்கியது, எழுதுகிறவர்களுக்குப் பணம் கொடுத்தது, டிஸ்க் அடித்துக் கடைகளுக்கு அனுப்பியது, விளம்பரம் செய்தது. மண்டிக்காரர் வேலைதான். மண்டிக்காரருக்கு விளைச்சலும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. ஆனால் நல்ல பருவத்தில் எல்லோரையும்விட அவர் கையில்தான் பணம் புரளும்.

இது அந்தக் கம்பெனியின் பிறவிக் குணம். டிஎச்க்யூ என்பதே 'டாய் ஹெட்குவார்ட்டர்ஸ்', அதாவது பொம்மைகளின் தலைமையகம், என்பதன் சுருக்கம். 1990-ல் கலிபோர்னியாவில் ஜாக் ஃப்ரீட்மன் தொடங்கினார். அதற்கு முன் எல்ஜேஎன் என்ற பொம்மைக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். சினிமாவிலும் டிவியிலும் பிரபலமான பெயரை வாடகைக்கு எடுத்துப் பொம்மையாக விற்கிற வித்தையை அப்படியே கேமுக்குக் கொண்டுவந்தார். 'ஹோம் அலோன்' போன்றவை ஆரம்பகால விளையாட்டுகள். பிறகு ஃப்ரீட்மன் விலகி ஜாக்ஸ் பசிபிக் என்று வேறொரு பொம்மைக் கம்பெனி தொடங்கப் போய்விட, 1995 முதல் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் பிரையன் ஃபாரல். கடைசிவரை அவர்தான். அவரும் கணக்குப் பிரிவிலிருந்து மேலே வந்தவர் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

ஃபாரல் காலத்தில் எடுத்த குத்தகைகளைப் பாருங்கள்: மல்யுத்தம், நிக்கலோடியனின் 'ரக்ராட்ஸ்', 'ஸ்பாஞ்ச்பாப்', பிக்சாரின் 'ஃபைண்டிங் நீமோ', 'கார்ஸ்'. ஒவ்வொன்றும் பொன் விளையும் பூமி. ஆனால் குத்தகை நிலத்தில் கிணறு வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மல்யுத்தமே சாட்சி. முதலில் டிஎச்க்யூ கையில் இருந்தது டபிள்யூசிடபிள்யூ என்ற போட்டி நிறுவனத்தின் உரிமம். 1997, 1998-ல் நின்டெண்டோ 64-க்கு வந்த இரண்டு விளையாட்டுகள் பிய்த்துக்கொண்டு போயின. உடனே அந்த உரிமத்தை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் கம்பெனி தட்டிக்கொண்டு போனது. டிஎச்க்யூ சும்மா இருக்கவில்லை. டபிள்யூடபிள்யூஎஃப் (டபிள்யூடபிள்யூஇ-யின் பழைய பெயர்) உரிமத்தை அக்ளெய்ம் என்ற இன்னொரு கேம் கம்பெனியிடமிருந்து 1999-ல் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்குக் கூட்டாளி யார் தெரியுமா? தன்னை விட்டுப் போன ஃப்ரீட்மனின் ஜாக்ஸ் பசிபிக். சம்சாரம் பிரிந்தும் சீட்டு மட்டும் சேர்ந்து போட்ட கதை. அக்ளெய்ம் 2004-ல் திவாலாகி மூடியது. டிஎச்க்யூ விழுந்தபோது அதே உரிமம் டேக்-டூ என்ற கேம் கம்பெனியிடம் போனது. நிலம் அங்கேயேதான் இருந்தது, குத்தகைக்காரர்கள்தான் மாறினார்கள்.

ஆகவே உங்கள் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் குத்தகைப் பெயர்கள், வலப்பக்கம் சொந்தப் பெயர்கள். டிஎச்க்யூவுக்கு வலப்பக்கம் 2000-க்குப் பிறகுதான் நிறையத் தொடங்குகிறது. அந்த வருடம் வொலிஷன் ஸ்டூடியோவை வாங்கினார்கள். அதிலிருந்து 'ரெட் ஃபேக்‌ஷன்', 2006-ல் 'செயின்ட்ஸ் ரோ'. 2004-ல் ரெலிக் ஸ்டூடியோவை வாங்கினார்கள். 2006-ல் 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்'. 2010-ல் விஜில் ஸ்டூடியோவின் 'டார்க்ஸைடர்ஸ்'. இதைச் செய்தது புத்திசாலித்தனம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். செய்த நேரம்தான் தப்பு. சொந்த நிலத்தைப் பண்படுத்தக் குத்தகை வருமானம் தேவைப்பட்டது. அந்த வருமானம் வற்றத் தொடங்கியபோது பாதி நிலம் உழுதபடி கிடந்தது.

விற்பனை வரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

இந்த எண்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். 2007: விற்பனை சுமார் 102.7 கோடி டாலர், லாபம் 6.8 கோடி. 2008: விற்பனை 103 கோடி, நஷ்டம் 3.5 கோடி. 2009: விற்பனை 83 கோடி, நஷ்டம் 43 கோடி. 2010: விற்பனை 90 கோடிக்குச் சற்றே குறைவு, நஷ்டம் 90 லட்சம். 2011: 80 கோடி, நஷ்டம் 13.6 கோடி. 2012: 83 கோடி, நஷ்டம் 24 கோடி.

விற்பனை வரியில் மட்டும் விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். செத்துப்போகிற கம்பெனி என்றே தோன்றாது. கடைசி வருடத்தில் முந்தின வருடத்தைவிட விற்பனை ஏறியிருக்கிறது! எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள்: "டர்னோவர் குறையலைங்க மேடம்." டர்னோவர் குறையாமல் நஷ்டம் கூடினால், பொருளைச் செய்கிற செலவு ஏறிவிட்டது, அல்லது விற்றது திரும்பி வருகிறது என்று அர்த்தம். டிஎச்க்யூவில் இரண்டும்.

செலவு ஏறியதன் காரணம் எளிது. பிஎஸ்2 காலத்தில் கைக்கடக்கமாக முடிந்த வேலை, பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 வந்த பிறகு பல மடங்கு ஆட்களும் பல மாதங்களும் கேட்டது. குழந்தைகள் விளையாட்டை நடுத்தரச் செலவில் செய்து நிறைய விற்பதுதான் டிஎச்க்யூவின் பிழைப்பு. அந்த நடு அடுக்குதான் முதலில் உடைந்தது. மேலே பெரிய பட்ஜெட் விளையாட்டுகள், கீழே போனில் ஒரு டாலருக்கும் சும்மாவும் கிடைக்கிற விளையாட்டுகள். 2009 கணக்கு வருடத்தின் நடுவில் உலகப் பொருளாதாரச் சரிவு வேறு. அந்த வருட நஷ்டத்தில் நற்பெயர்க் கணக்கைத் தள்ளுபடி செய்ததும் அடக்கம். அதாவது ஸ்டூடியோக்களை வாங்கும்போது கூடக் கொடுத்த விலை வீண் என்று தாமே ஒப்புக்கொண்டார்கள்; பல ஸ்டூடியோக்களையும் மூடினார்கள்.

விற்றது திரும்பி வருகிற விஷயத்துக்கு 'விலைப் பாதுகாப்பு' என்ற ஒதுக்கீட்டைத் தேடுங்கள். கடைக்காரர் எடுத்த சரக்கு நகரவில்லை என்றால், விலையைக் குறைத்து விற்கச் சொல்லிவிட்டு வித்தியாசத்தைப் பதிப்பாளர் ஈடுகட்ட வேண்டும். ஜவுளியில் நாம் போடுகிற கிரெடிட் நோட் அதுவேதான். வால்மார்ட், கேம்ஸ்டாப் போன்ற பெரிய கடைகளிடம் இதில் பேரம் பேசவே முடியாது. பேசினால் அடுத்த விளையாட்டுக்கு அலமாரியில் இடம் கிடைக்காது.

சொத்துப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் செலவு

பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் 'மென்பொருள் உருவாக்கம்' என்று ஒரு தொகை இருக்கும். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது சிமெண்டு, கம்பி, கூலி எல்லாவற்றையும் செலவு என்று எழுதாமல் கட்டுமானம் என்று சொத்தில் வைப்போம் அல்லவா, அதுபோல. விளையாட்டு வெளிவந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவுக்குப் போகும். பாதியில் கைவிட்டால் மொத்தமாக ஒரே நாளில் நஷ்டத்தில் விழும். இந்தத் தொகை வருடாவருடம் பெருத்துக்கொண்டே போய், வெளிவந்த விளையாட்டுகளின் எண்ணிக்கை பெருகவில்லை என்றால் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள்.

'ஹோம்ஃப்ரண்ட்' நல்ல உதாரணம். வட கொரியா அமெரிக்காவைப் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற கற்பனை. நியூயார்க்கின் கேயாஸ் ஸ்டூடியோ செய்தது. 2011 மார்ச் 15-ல் வந்தது. விமர்சனங்கள் சுமாராக இருந்த அன்றே கம்பெனியின் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. இத்தனைக்கும் முதல் சில நாட்களில் பத்து லட்சம் பிரதி அளவுக்குப் போனது. அது போதவில்லை. ஜூனில் கேயாஸையே மூடிவிட்டார்கள். பத்து லட்சம் பேர் வாங்கியும் கட்டுப்படியாகாத பண்டம் என்றால், செய்கிற செலவு எங்கே போய் நின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், குடோன்

இதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி தவறாமல் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

எங்கள் ஆபீஸ் வாடிக்கையாளர் ஒருவர், பெயர் வேண்டாம், கொரோனா சமயத்தில் துணி முகக்கவசம் தைத்துப் பெரும் லாபம் பார்த்தார். அடுத்த வருடமும் அதே அளவு ஓடும் என்று மூன்று மடங்கு தைத்து அடுக்கினார். மார்ச் மாதச் சரக்குக் கணக்கெடுப்புக்கு நான்தான் போனேன். குடோன் கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. ஒன்றைப் பிரித்து ஒரு கவசத்தை எடுத்து இழுத்தேன். எலாஸ்டிக் இத்துப்போய்க் கையோடு வந்தது. அவர் பேரேட்டில் ஒவ்வொன்றும் தைத்த விலைக்கு உட்கார்ந்திருக்கிறது. "விற்கிற விலை என்ன வருமோ அதைத்தான் எழுதணும்" என்று சொன்னதற்கு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

டிஎச்க்யூவின் முகக்கவசத்துக்குப் பெயர் யூட்ரா. 2010 நவம்பரில் நின்டெண்டோ வீ கருவிக்கு வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் பலகை, ஒரு பக்கத்தில் வீ ரிமோட்டைச் செருகிக்கொள்ள ஒரு பள்ளம், கயிறு கட்டியது போல வயரில் தொங்குகிற பேனா. பலகையில் வரைந்தால் டிவியில் படம் வரும். சுமார் 70 டாலர். குழந்தைகள் இருக்கிற வீட்டில்தான் வீ இருந்தது, கிறிஸ்துமஸ் நேரம், பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இதுவரை சரி.

அடுத்த வருடம் அதையே பிஎஸ்3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் கொண்டுவந்தார்கள். அந்தக் கருவிகள் இருந்த வீடுகளில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிற வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்கு வரைய வேண்டுமென்றால் அம்மாவின் ஐபேட் வந்துவிட்டது. 2011 கிறிஸ்துமஸ் முடிந்தபோது சுமார் 14 லட்சம் பலகைகள் விற்காமல் தேங்கின. எதிர்பார்த்த விற்பனையில் ஏறக்குறைய 10 கோடி டாலர் துண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய தொழில் நுணுக்கம் ஒன்று உண்டு. டிஸ்க் விற்கவில்லை என்றால் அடித்த வரைக்கும்தான் நஷ்டம், அதுவும் சொற்பம். பலகை அப்படியில்லை. பண்டிகைக்குக் கடையில் இருக்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே ஆர்டர் கொடுத்து, செய்த கூலியைக் கட்டி, கப்பலேற்றி இறக்கியாக வேண்டும். பணம் முழுக்கப் போன பிறகுதான் விற்குமா என்றே தெரியும். மண்டிக்காரர் திடீரென்று ஆலை வைத்த கதை. என் வாடிக்கையாளரைப் போலவே அவர்களும் முதல் வருட விற்பனையைப் பார்த்து இரண்டாம் வருட உற்பத்தியை முடிவு செய்திருக்கிறார்கள். அதனால்தான் 10-க்யூவில் சரக்கு இருப்பை விற்பனையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். விற்பனையைவிட வேகமாகச் சரக்கு ஏறினால் யாரோ போன வருடக் கனவிலேயே இருக்கிறார்கள்.

ஆனாலும் 'யூட்ராதான் கொன்றது' என்று நான் எழுத மாட்டேன். மேலே உள்ள எண்களைத் திரும்பப் பாருங்கள். 2009-லேயே 43 கோடி போய்விட்டது. யூட்ரா வந்து இடித்தது ஏற்கெனவே கறையான் அரித்த சுவரை.

கடன் எப்போது திருப்ப வேண்டும்

இது சுருக்கமான வேலை. கடன் அடிக்குறிப்பில் தேதியைப் பாருங்கள். டிஎச்க்யூ 2009-ல் 10 கோடி டாலருக்குப் பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரம் வெளியிட்டது. 5 சதவீத வட்டி, 2014 ஆகஸ்டில் முதிர்வு. பங்கு விலை நன்றாக இருந்தால் கடன் கொடுத்தவர்கள் பங்காக மாற்றிக்கொண்டு போவார்கள், ரொக்கம் தர வேண்டியதில்லை. 2007-ல் 30 டாலருக்கு மேல் இருந்த பங்கு 2012 தொடக்கத்தில் ஒரு டாலருக்கும் கீழே. பங்குச்சந்தையான நாஸ்டாக் எச்சரிக்கை அனுப்ப, ஜூலையில் பத்துப் பங்கை ஒரு பங்காக்கி விலையைத் தூக்கிக் காட்டினார்கள். பத்து ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து ஒரு பத்து ரூபாய் நாணயம் வாங்கியதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அந்த வருடமே குழந்தைகள் விளையாட்டு வேண்டாம் என்று விலகினார்கள், யுஎஃப்சி என்ற கூண்டுச் சண்டைப் போட்டியின் உரிமத்தை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்குக் கொடுத்தார்கள், மே மாதம் ஜேசன் ரூபின் என்ற அனுபவசாலியைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். வீடு பாதி எரிந்த பிறகு வந்த தீயணைப்புக்காரர் அவர்.

2012 நவம்பர் கடைசியில் 'ஹம்பிள் பண்டில்' என்ற இணையத் தொகுப்பு விற்பனை வழியாகத் தங்கள் நல்ல விளையாட்டுகளை, கேட்டதைக் கொடுங்கள் என்கிற மாதிரி விற்றார்கள். 'டார்க்ஸைடர்ஸ்', 'மெட்ரோ 2033', 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்' எல்லாம் ஒரு டாலரிலிருந்து. தம்பி அப்போது காலேஜ். வெளிநாட்டுப் பணம் கட்டுகிற கார்டு அவனிடம் இல்லை, என் கார்டை வாங்கி ஒரு டாலர் கட்டினான். ஸ்டேட்மெண்டில் 55 ரூபாய் சொச்சம் வந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொகுப்புகள், 50 லட்சம் டாலருக்கு மேல் வசூல், அதில் தருமத்துக்கும் ஒரு பங்கு. நல்ல சரக்கை நடைபாதையில் குவித்து விற்கிறார்களே, கடை மூடப் போகிறார்களோ என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஏலப் பட்டியல்தான் உண்மையான பேலன்ஸ் ஷீட்

2012 டிசம்பர் 19-ல் டெலவேர் கோர்ட்டில் 'சாப்டர் 11' என்கிற திவால் மனு போட்டார்கள். கம்பெனியை மொத்தமாகக் கிளியர்லேக் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 6 கோடி டாலருக்கு எடுத்துக்கொள்ளும், வேலை ஆட்கள் அப்படியே இருப்பார்கள் என்பது திட்டம். கடன் கொடுத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பிரித்து விற்றால் கூடக் கிடைக்கும் என்றார்கள். நீதிபதி மேரி வால்ராத் அதற்கு வழிவிட, 2013 ஜனவரி 22-ல் ஏலம்.

இந்தப் பட்டியலை உங்கள் நோட்டின் இரண்டு பத்திக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்கியவர்கள் எல்லாம் மற்ற கேம் கம்பெனிகள். ரெலிக்கை சேகா 2.66 கோடி டாலருக்கு எடுத்தது. அதற்கு அடுத்த தொகை கேட்டது ஜெனிமேக்ஸ், 2.63 கோடி. மூச்சு விடுகிற வித்தியாசம். வொலிஷனை 'செயின்ட்ஸ் ரோ'வோடு கோக் மீடியா 2.23 கோடிக்கு எடுத்தது; அடுத்து நின்ற உபிசாஃப்ட் கேட்டது வெறும் 54 லட்சம். நாலு மடங்கு கூடக் கொடுத்ததற்கு அன்று சிரித்திருப்பார்கள். 'மெட்ரோ'வும் கோக் மீடியாவுக்கே, 58 லட்சம் சொச்சம். பாதியில் இருந்த 'எவால்வ்' டேக்-டூவுக்கு 1.09 கோடி, அதைச் செய்துகொண்டிருந்த டர்ட்டில் ராக் தன் கையிலிருந்து கேட்க முடிந்தது இரண்டரை லட்சம்தான். 'சவுத் பார்க்' உபிசாஃப்டுக்கு 32 லட்சம் சொச்சம். அத்தனை ஆர்ப்பாட்டமாக வந்த 'ஹோம்ஃப்ரண்ட்' கிரைடெக்குக்கு 5,44,218 டாலர். எல்லாம் சேர்த்து 7.2 கோடிக்குப் பக்கம். கடன்காரர்கள் சொன்னது சரியாகப் போயிற்று.

மாண்ட்ரியல் ஸ்டூடியோவை உபிசாஃப்ட் 25 லட்சத்துக்கு எடுத்தது. அதில் ஒரு வேடிக்கை. 'அசாசின்ஸ் கிரீட்' செய்த பத்ரீஸ் தெசிலே 2010-ல் உபிசாஃப்டை விட்டு விலகி டிஎச்க்யூவுக்கு வந்து சேர்ந்திருந்தார். ஏலம் முடிந்ததும் மறுபடி பழைய முதலாளியிடமே போய் நின்றார். சில மாதத்தில் வெளியேற்றினார்கள்.

பட்டியலில் இல்லாதவற்றையும் தேடுங்கள். விஜில் ஸ்டூடியோவை யாருமே கேட்கவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது மற்ற ஸ்டூடியோக்காரர்களுக்குப் புது முதலாளி வந்துவிட்டார். குத்தகைப் பத்தியில் பெரியதான மல்யுத்தமும் ஏலத்துக்கு வரவில்லை. நேராக டேக்-டூவின் பக்கம் போய்விட்டது. ஏலத்தில் விலை போனதில் பெரும்பகுதி வலப்பக்கப் பத்தியிலிருந்து வந்தது. முதல் பதினைந்து வருடம் வீட்டை நடத்தியது இடப்பக்கப் பத்தி.

மிச்சமிருந்த பெயர்களை, 'டார்க்ஸைடர்ஸ்', 'ரெட் ஃபேக்‌ஷன்' உட்பட, 2013 ஏப்ரலில் நார்டிக் கேம்ஸ் என்ற கம்பெனி 49 லட்சம் டாலருக்கு அள்ளியது. இங்கேயே நோட்டை மூடிவிடாதீர்கள். பெயர் எங்கே போகிறது என்று இன்னும் பத்து வருடம் பின்தொடருங்கள்.

2014-ல் டிஎச்க்யூ என்ற வணிகப் பெயரையும் நார்டிக் வாங்கியது. 2016-ல் தன் பெயரையே 'டிஎச்க்யூ நார்டிக்' என்று மாற்றிக்கொண்டது. 2018-ல் கோக் மீடியாவை வாங்கியது. கோக்கிடம் 'செயின்ட்ஸ் ரோ', 'மெட்ரோ' மட்டுமல்ல, இடையில் கிரைடெக்கிடமிருந்து வாங்கிய 'ஹோம்ஃப்ரண்ட்'டும் இருந்தது. ஏலத்தில் சிதறியதில் பாதி, அதே பெயருக்குக் கீழே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. 2019-ல் தாய்க் கம்பெனி எம்ப்ரேசர் என்று பெயர் மாற்றி, கண்ணில் பட்ட ஸ்டூடியோவையெல்லாம் வாங்கத் தொடங்கியது. 2023 மே மாதம் 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று கைகூடாமல் போக, ஒரே நாளில் பங்கு நாற்பது சதவீதம் அளவுக்குச் சரிந்தது. ஆகஸ்ட் 31-ல் வொலிஷனை மூடினார்கள். டிஎச்க்யூ முழுகியபோது தப்பித்த ஸ்டூடியோ அது.

இதையெல்லாம் தம்பிக்கு போனில் சொல்லி முடித்தபோது பிஎஸ்2-வுக்கு மெமரி கார்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டான். நான் எம்ப்ரேசர் அறிக்கைகளை இறக்கி வைத்திருக்கிறேன். அவர்களுக்கும் வருடம் மார்ச் 31-ல்தான் முடிகிறது. இந்த ஞாயிறு முதலில் நற்பெயர்க் கணக்கு, பிறகு கடன் தேதி.